வெளுத்துப்போன கெளுத்திகள்

திருத்தணியில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு கல்தொட்டி இருந்தது. கல்யாணமாகி வந்த மறுநாளே என் மனைவி அதில் இரண்டு கெளுத்தி மீன்களை விட்டாள். அவள் என் தாய்மாமன் மகள். மாமா தங்கள் ஊர் ஏரியில் பிடித்துப் பித்தளைக் குடத்தில் போட்டுக் கொடுத்தனுப்பிய மீன்கள் அவை. தொட்டியில் கொசுப்புழு அண்டாது என்பது மாமாவின் எண்ணம். அவளுக்கோ எங்கள் வீட்டில் பேச்சுத் துணையே அவைதான். பாத்திரம் துலக்கும்போது குனிந்து ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பாள்.

"பாவா, இதுங்களுக்கு ஒண்ணும் ஆகாம பாத்துக்குங்க. எங்க ஊர்லேர்ந்து எங்கூட வந்தது இதுங்க ரெண்டுந்தான்" என்றாள். "ஆங்" என்றேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

ஒருநாள் பாசி தேய்ப்பதற்காக மீன்களை வெள்ளைப் பீங்கான் ஜாடிக்கு மாற்றினோம். கறுப்பாக இருந்தவை உச்சிப்பொழுதுக்குள் சாம்பல் பூசியதுபோல் வெளுத்துவிட்டன. அவள் அழ ஆரம்பித்தாள். நான் நெசவுக்காரன், நிறம் போனால் சாயம் போனது என்றுதான் எனக்குத் தெரியும். ஜாடித் தண்ணீரில் ஒரு வெள்ளைத் துணியை முக்கிப் பிழிந்து, கறுப்பு இறங்கியிருக்கிறதா என்று வெயிலில் பிடித்துப் பார்த்தேன். இன்று நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

தெருவில் கூடையோடு வந்த மீன்காரம்மாவும் அதைப் பார்த்துத்தான் சிரித்தாள். "வெள்ளை ஏனத்துல உட்டா வெளுக்கும், மண்பானையில உட்டா கறுக்கும் நைனா. பயந்துகினாலும் வெளுக்கும். கலரைப் பாக்காத. எரை எடுக்குதா, கம்முனு அடியில கீதா, அதைப் பாரு. எரை எடுக்காம மேல வந்து வாயைப் பொளந்தாதான் கஷ்டம்."

தொட்டிக்குத் திரும்பிய மீன்கள் சாயங்காலத்துக்குள் கறுத்துவிட்டன. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. தெருவில் யாரைப் பார்த்தாலும் மீன் சாத்திரம் சொன்னேன். மீன்காரம்மா சொன்னதில் முன்பாதியை மட்டும்தான் சொன்னேன். பின்பாதி என் காதில் நிற்கவே இல்லை.

அது யுத்தக் காலம். நூல் சரியாகக் கிடைக்காமல் தறி பாதி நாள் சும்மா கிடந்தது. எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. ஆடிக் கிருத்திகைக்கு ஊரே வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கும். நானும் அடித்தேன். வாளியில் மிச்சம் இருந்தது. வீணாக்குவானேன் என்று, மீன்களை மண்பானைக்கு மாற்றிவிட்டு, கல்தொட்டிக்கு உள்ளேயும் இரண்டு பூச்சு பூசினேன். இரண்டு நாள் காயவிட்டுத் தண்ணீர் நிரப்பி மீன்களை விட்டேன். தொட்டி பளிச்சென்று இருந்தது. எனக்கு அவ்வளவு பெருமை.

கிருத்திகையன்று காலையில் அவள் ஓடிவந்தாள். "பாவா, மறுபடியும் வெளுத்துப் போச்சுங்க. சோறு போட்டா வரல. மேல வந்து வாயைத் தொறந்துகினு கீதுங்க. மீசை கிட்ட செவந்து கீது."

"தொட்டி வெள்ளை, மீனும் வெள்ளை. மீன்காரம்மா சொன்னது மறந்துபோச்சா?" என்று சிரித்துவிட்டு, காவடிகளைப் பார்க்க மலையேறிவிட்டேன். அவள் சொன்னதில் வெளுத்தது என்ற ஒரு சொல்லைத்தான் கேட்டேன்.

சாயங்காலம் திரும்பியபோது ஒரு மீன் தொட்டி ஓரத்தில் மல்லாந்து மிதந்தது. அதன் மேல்தோல் நூல் நூலாக உரிந்திருந்தது. தண்ணீரில் கை விட்டேன். சுண்ணாம்பின் வழவழப்பு விரலில் ஒட்டியது. இன்னொன்றை அவளே மண்பானைக்கு மாற்றி, கிணற்றுத் தண்ணீர் ஊற்றி, பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். வெட்கத்தில் நான் சாப்பிடாமல் படுத்தேன். யாரும் எழுப்பவில்லை.

அந்த ஒற்றை மீன் பிழைத்துக்கொண்டது. மூன்று நாள் கழித்து இரை எடுத்தது. பானை மூடியைத் திறந்து அவள் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் மெல்லப் பின்னால் போய் நின்றேன்.

"இப்போ எப்பிடி கீது?" என்றேன்.

"நல்லா கறுத்து கீது பாவா" என்றாள், திரும்பாமலே. "நீங்க மட்டும் கிட்ட வராதீங்க."