கொப்பரைக்காரர் வாங்கிய சுருட்டுப் பெட்டி

சுருட்டு விற்பது சுலபம். வாங்கியவர் வீட்டில் அது காயாமல் இருக்கப் பெட்டி விற்பதுதான் பெரும்பாடு. கோவையில் அவினாசி சாலையை ஒட்டிய ஒரு கடையில் ஆறு ஆண்டுகளாக இரண்டையும் விற்கிறேன். துணியோ, பம்புசெட்டோ, கிரைண்டரோ, எதையாவது விற்றுவிட்டுப் பிறகு ஃபோனில் வாங்கிக் கட்டிக்கொள்ளும் என் விற்பனைக்கார இனத்தாருக்கு இதெல்லாம் புதிதாக இருக்காது.

எந்த மூஞ்சி?

போன பங்குனியில் சென்னியப்பன் என்பவர் வந்தார். உடுமலைப்பேட்டையில் கொப்பரைக் களம் வைத்திருப்பவர். மஞ்சள் பையிலிருந்து இருபது சுருட்டுகளை எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தார். மகளைக் கட்டிக்கொடுத்த பெங்களூர்ச் சம்பந்தி தந்தவை. ஆவணியில் ஒரு கல்யாணத்துக்கு வருவேன், இருவரும் சேர்ந்து பிடிப்போம், அதுவரை பத்திரமாக வைத்திருங்கள் என்று சொல்லிப் போயிருக்கிறார். சென்னியப்பனுக்கோ சுருட்டுப் பழக்கமே கிடையாது.

"சுருட்டுத்தானுங்களே, இதுக்கு ஏனுங்க இத்தனை கவலை?" என்றேன்.

"அவரு குடுத்த சுருட்டை நான் வாடவிட்டுப்போட்டா, நாளைக்கு நான் குடுத்த புள்ளைய அவரு வாடவிட்டா, எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போய்க் கேப்பேனுங்க?"

புழுங்காத பெட்டி

புதிதாக வாங்குகிறவர்கள் பெட்டியின் பளபளப்பைத்தான் பார்ப்பார்கள். பார்க்கவேண்டியவை வேறு. மூடியை விட்டால் அது பொத்தென்று விழாமல், உள்ளே இருக்கும் காற்றின்மேல் மெதுவாக உட்காரவேண்டும்; காற்றுப் புகாத பெட்டிக்கு அதுதான் அடையாளம். உள்பக்கம் வார்னிஷ் பூசாத, சீடர் என்கிற வாசனை மரமாக இருக்கவேண்டும். பிறகு, உள்ளே ஈரம் எத்தனை என்று முள்ளால் காட்டும் ஈரமானி. அதன் முள் அறுபத்தைந்துக்கும் எழுபதுக்கும் நடுவே நிற்கவேண்டும். கீழே போனால் சுருட்டு சருகாகும். மேலே போனால் பூசணம் பிடிக்கும்.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாலு பக்கமும் விரலால் தடவினார்.

"ஏனுங்க, இதுல காத்துப் போறதுக்கு ஓட்டையே இல்லீங்களே. டிரில்லிங் மிசின் நம்மகிட்ட இருக்குது, நாலு ஓட்டை போட்டுக்கட்டுங்களா?"

காய்ச்சி வடித்தது

பெட்டிக்குள் ஈரம் கொடுக்க ஒரு பஞ்சு உண்டு. அதில் குழாய்த் தண்ணீர் ஊற்றினால் நாளடைவில் உப்புப் படியும். "காய்ச்சி வடிச்ச தண்ணிதான் ஊத்தோணுங்க" என்றேன். சென்னியப்பன் கடையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தார். "நம்ம பக்கமெல்லாம் இப்ப அது கிடைக்கறதில்லீங்க. காச்சுனா போலீசு வந்துருமுங்க."

என்னுடன் வேலை பார்க்கும் ஹக்கீம் பாய்க்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அண்ணா, டிஸ்டில்டு வாட்டரைச் சொல்றாருங்க. பேட்டரிக் கடையில பாட்டில்லயே கிடைக்கும்."

சென்னியப்பன் நிமிர்ந்தார். "டிராக்டர் பேட்டரிக்கு ஊத்தற தண்ணீங்களா? அதை விட்டுப்போட்டுக் காச்சறது, வடிக்கறதுன்னு ஏனுங்க பயமுறுத்தறீங்க?"

களத்தில் இருபது

பெட்டியை வாங்கிப் போய்ப் பத்து நாள் கழித்து ஃபோன். பேசியது அவர் மனைவி சரசு. ஈரமானி அறுபத்தெட்டு காட்டியிருக்கிறது. அது சரியான அளவுதான். ஆனால் கொப்பரையில் ஈரம் ஆறு சதவீதத்தைத் தாண்டினாலே வியாபாரி முகம் சுளிப்பார். அது பொருளுக்குள் இருக்கும் ஈரம், இது காற்றில் இருக்கும் ஈரம், இரண்டும் வேறு என்று நான் சொல்லியிருக்கவேண்டும், சொல்லவில்லை. அறுபத்தெட்டைக் கண்டு பதறிய மனிதர், இருபது சுருட்டையும் கொண்டுபோய்க் கொப்பரைக்குப் பக்கத்தில் வெயிலில் பரப்பிவிட்டார். சாயந்தரம் அள்ளும்போது நாலு வெடித்திருந்தன. மீதி பதினாறும் தொட்டால் சரசரத்தன.

"பதினாறையும் பொழைக்க வெச்சுரலாமுங்க. ஆனா அவசரம் ஆகாது" என்றேன். ஒரேயடியாக ஈரம் ஏற்றினால் சுருட்டு உப்பி, மேல் இலை கிழிந்துவிடும். வாரத்துக்குக் கொஞ்சமாக ஏற்றவேண்டும். இரண்டு மாதமாவது ஆகும். அதுவரை அவரைப் பெட்டிப் பக்கம் விடவேண்டாம் என்றும் சொன்னேன். சரசு பெருமூச்சு விட்டார்.

"காயப்போட்டே பொழைச்ச குடும்பமுங்க இது. ஈரமா எதையாவது பாத்தா இவருக்குக் கை சும்மா இருக்காதுங்க."

மோசமான பெட்டி

ஆவணி முழுக்க உடுமலையிலிருந்து ஃபோனே இல்லை. திட்டுகிற வாடிக்கையாளரைவிடப் பேசாமல் இருக்கிறவர்தான் பயம் தருவார் என்பது உங்களுக்கும் தெரியும். புரட்டாசியில் சென்னியப்பன் நேரில் வந்தார். முகம் தொங்கியிருந்தது. "காஞ்சு போச்சுங்களா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

காயவில்லை. சம்பந்தி ஒன்றைப் பற்றவைத்து, கண்ணை மூடி, தம் வீட்டில்கூடச் சுருட்டு இத்தனை பதமாக இருந்ததில்லை என்றாராம். மரியாதைக்காக இவரும் ஒன்று பிடித்து அரைமணி நேரம் இருமினாராம். பெங்களூர் திரும்பிய சம்பந்தி, தம்மிடம் இருந்த அறுபது சுருட்டையும் பார்சல் கட்டி உடுமலைக்கே அனுப்பிவிட்டார். தினமும் காலையில் ஃபோன் செய்து ஈரமானி எத்தனை காட்டுகிறது என்று கேட்கிறார்.

"புள்ள எப்படி இருக்குதுன்னு நான் கேக்கறதுக்குள்ள, சுருட்டு எப்படி இருக்குதுன்னு அவரு கேட்டுப்போடறாருங்க. ஏனுங்க, கொஞ்சம் மோசமான பொட்டி ஒண்ணு இருந்தாக் குடுங்களே!"

சரக்கு சரியில்லை என்று வருகிறவரை எப்படியோ சமாளித்துவிடலாம். சரக்கு நன்றாக இருக்கிறதே என்று குறைப்பட்டு வருகிறவருக்கு எந்தப் பெட்டியை விற்பது?