சராசரி திசைவேகம்

கணவரோடு சண்டை போட்டுக்கொண்டு திருமங்கலத்தில் உள்ள பிறந்த வீட்டுக்கு நான் போகும்போதெல்லாம், அப்பா மத்தியானம் சோற்றைப் போட்டு, சாயங்கால பஸ்ஸிலேயே ஆனையூருக்குத் திரும்பக் கூட்டிவந்துவிடுவார். மாப்பிள்ளையைச் சமாதானப்படுத்தக் கையில் ஒரு சீப்பு வாழைப்பழம் இருக்கும். தப்பு யார்மேல் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அன்றும் அப்படித்தான் வந்து இறங்கினோம். கூடத்தில் என் கணவர் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் மகளும் அவர்களோடு உட்கார்ந்திருந்தாள். வாசலில் நின்ற என்னைப் பார்த்துவிட்டு அவர் பிள்ளைகள் பக்கம் திரும்பினார்.

“வேகத்துக்கு எம்புட்டுத் தூரம் போனோங்கிறது போதும். திசைவேகத்துக்கு, கெளம்புன எடத்துலருந்து கடைசியில எங்க வந்து நிக்கிறோம்னு பாக்கணும். ஒரு அம்மா காலைல கோவமா வீட்டவிட்டுப் போறாங்க. சாயங்காலம் அதே வீட்டு வாசல்ல வந்து நிக்கிறாங்க. அவங்களோட சராசரி திசைவேகம் எம்புட்டு?”

பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அந்தக் கூச்சம்கூட அந்த மனிதருக்கு இல்லை.

“ஜீரோப்பா,” என்றாள் என் மகள்.

“எம் பேத்தி கெட்டிக்காரி,” என்று சொல்லிப் பழச்சீப்பை என் கையில் கொடுத்தார் அப்பா. “உள்ள வச்சுட்டு மாப்பிள்ளைக்குக் காப்பி போடுத்தா.”