பக்கத்தில் நின்றவள்

ரூபினா அக்காவிடம் வீடியோ எடிட்டிங் வேலைக்குச் சேர்ந்து எனக்கு நாலு வருடம் ஆகிறது. கோட்டைமேட்டில் ஒரு பிரிண்டிங் பிரஸ்ஸுக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். அக்கா பத்தாவது முடித்த வருடமே அவளுடைய அப்பா இறந்துபோனார். படிப்பை நிறுத்திவிட்டு அந்த பிரஸ்ஸில் கல்யாணப் பத்திரிகை டைப் அடிக்க உட்கார்ந்தவள் அவள். இன்று கடைத் திறப்பு விழாவா, மாரத்தானா, எதற்கும் போன் வழியாகவே கூட்டம் சேர்த்துக் கொடுத்துவிடுவாள்.

அவள் படித்த பெண்கள் பள்ளிக்கு எழுபத்தைந்தாம் ஆண்டு விழா வந்தது. விளம்பர வேலை எங்களுக்குக் கிடைத்தது. பழைய மாணவிகள் சங்கத் தலைவி புவனா மேடம், பெருந்துறையில் கம்பெனி நடத்துகிறவர். பத்தாவது வரைக்கும் அக்காவோடு ஒரே பெஞ்சு.

அக்காவுக்கு ஒரே ஆசைதான். அழைப்பிதழில் ‘தங்கள் வருகையை விரும்பும் முன்னாள் மாணவிகள்’ என்று ஒரு பட்டியல் போடுவார்களே, அதில் தன் பெயரும் வர வேண்டும். வாய்விட்டே கேட்டாள்.

“கோவிச்சுக்காதீங்க அம்மணி, ப்ளஸ் டூ முடிச்சவங்க பேரு மட்டுந்தானுங்க போடறது. கமிட்டி முடிவுங்க,” என்றார் மேடம். “வேணும்னா கடைசியில பந்தல்காரர், மைக் செட்டுக்காரர் பேரெல்லாம் வருமில்லீங்களா, அங்க உங்க கம்பெனி பேரைப் போட்டுக்கலாங்க.”

குரலில் தேன் ஒழுகுகிறது, குத்துவதோ விலா எலும்பில். “வேலையைத் தூக்கி அவங்க மூஞ்சியிலயே எறிஞ்சுபோட்டு வாக்கா,” என்றேன்.

“இரு ரித்திகா. எம் பள்ளிக்கூடம்டி அது.”

அக்கா போட்ட திட்டம் இதுதான். ஒவ்வொருத்தியும் தன் பத்தாம் வகுப்பு குரூப் போட்டோவைப் பள்ளியின் பேஸ்புக் பக்கத்தில் போட வேண்டும். தனக்குப் பக்கத்தில் நின்றவளின் பெயரை எழுதி டேக் பண்ண வேண்டும். அடுத்து அவள் தன் போட்டோவைப் போடுவாள். இப்படியே போனால் அமெரிக்காவில் இருப்பவள்கூடத் தப்ப முடியாது. முதல் போட்டோ தலைவியுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று கமிட்டி ஒற்றைக்காலில் நின்றது.

வெள்ளிக்கிழமை காலை மேடம் போட்டார். இரண்டாவது வரிசையில் இரட்டைச் சடையோடு அவர். இடப்பக்கம் அக்கா, அவள் தோளில் மேடத்தின் கை. ஆனால் மேடம் டேக் பண்ணியிருந்தது அக்காவுக்கும் அடுத்து நின்ற பெண்ணை. அந்தம்மா இப்போது டாக்டர். அட கெரகமே! அந்தப் பேஸ்புக் பக்கத்தை நடத்துவதே அக்காதான் என்றாவது யோசிக்க வேண்டாமா?

மத்தியானத்துக்குள் அறுநூறு கமெண்ட். ‘புவி, நடுவுல நிக்கறது யாரு?’ ‘கையைப் போட்டிருக்கே, பேரு மறந்துபோச்சா?’ அக்கா ஒன்றும் எழுதவில்லை. ரிட்டயரான டீச்சர் ஒருவர் எழுதினார்: ‘அது ரூபினா. கணக்கில் அவள்தான் முதல். அவளை அழைத்தீர்களா?’

சாயங்காலம் மேடத்திடமிருந்து போன் வந்தது. அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

“ஏனுங்க ரூபினா, அந்த டீச்சர் கமெண்ட்டை மட்டும் எடுத்துப்போடுங்க. சங்கத்துக்குப் பேரு கெடுதுங்க. பத்திரிகை இன்னும் அச்சுக்குப் போகலீங்க. பட்டியல்ல மூணாவதா உங்க பேரைச் சேத்திப்போடறேன்.”

அக்கா கேட்டது கைக்கு வந்துவிட்டது. ஒரு பட்டனை அழுத்தினால் போதும்.

“பத்திரிகையில எம் பேரு வராட்டிப் போகுதுங்க. டீச்சர் எழுதுனதை நான் தொட மாட்டேன்,” என்றாள் அக்கா. “நீ ஒரு வரி எழுதிப்போடு, புவனா. பக்கத்துல நின்னது ரூபினான்னு எழுது. அது போதும்.”

“எனக்கு ஞாபகமில்லீங்களே,” என்றார் மேடம்.

அக்கா போனை வைத்தாள். “அஞ்சு வருசம் அவ டிபன் பாக்ஸுலதான்டி தின்னேன்,” என்றாள். நான் மேடத்தை வாயில் வந்தபடியெல்லாம் திட்டினேன். அக்கா தடுக்கவில்லை.

மீதி வேலையை ஒரு குறை சொல்ல முடியாதபடி முடித்துக் கொடுத்தாள். விழாவுக்கு நாலாயிரம் பேர் வந்தார்கள். நாற்காலி போதவில்லை. அக்கா வரமாட்டேன் என்றுவிட்டாள். லைவ் எடுக்க நான்தான் போனேன். பட்டுப்புடவையில் மேடம் என்னிடம் வந்து, கூட்டத்தைக் காட்டிச் சிரித்தார்.

“ரூபினா வரலியா கண்ணு?”

“யாருங்க அது?” என்றேன்.