துளை விழுந்த கஸ்டர்ட்

என் மனைவியின் தகர அச்சுக்கு விளிம்பைச் சுற்றிப் பன்னிரண்டு மடிப்புகள். அதில் ஒன்று நசுங்கியிருக்கும். அந்த அச்சிலிருந்து கவிழ்த்த பலாப்பழக் கஸ்டர்டை முப்பத்தெட்டு ஆண்டுகள் சாப்பிட்டிருக்கிறேன். ஒரு முறைகூடப் பிடித்துச் சாப்பிட்டதில்லை. முட்டையும் பலாவும் ஒன்றாக ஆவியில் வேகும்போது எழும் வாடை, மழையில் நனைந்த கோழிக்கூண்டுக்குள் யாரோ அத்தர் தெளித்தது போல இருக்கும். நான் நான்கு சன்னல்களையும் திறந்து வைப்பேன். அவள் வந்து இரண்டை மூடிவிட்டுப் போவாள்.

கடலூரில் அவள் படித்த பள்ளியில் மனையியல் டீச்சர் சொல்லிக்கொடுத்த பண்டம் அது. வெள்ளைக்காரர் காலத்தில் கலெக்டர் பங்களா விருந்துக்குச் செய்ததாம். துரைமார் மாம்பழம் போட்டார்கள், நம்மவர்கள் பலாவுக்கு மாற்றிவிட்டார்கள் என்பது அவள் சொன்ன வரலாறு. பால், சர்க்கரை, நான்கு முட்டை, பதினாறு சுளை, கொஞ்சம் ஜாதிக்காய்த் தூள். இட்லிப் பானையில் வைத்து, ஈர்க்குச்சியால் குத்திப் பார்த்து, ஒட்டாமல் வந்ததும் இறக்க வேண்டும். அவள் இறக்க மாட்டாள். முட்டை அரைவேக்காடாக இருந்தால் குடும்பமே படுத்துவிடும் என்று பயம். தீயைக் கூட்டிவிட்டு மாடிக்குத் துணி எடுக்கப் போய்விடுவாள். அது இறுகி, உள்ளெல்லாம் துளை விழுந்து, தட்டில் கவிழ்த்ததும் மஞ்சள் தண்ணீர் விடும். ஒவ்வொரு வாய்க்கும் முன்னால் கரண்டியில் உள்ள துளைகளை எண்ணுவேன். எண்ணிக்கையில் கவனம் இருந்தால் நாக்கு கொஞ்சம் மறக்கும்.

"என்னா எண்றீங்க? கொசு வுழுந்துடுச்சா?" என்பாள்.

"முட்ட நல்லா வெந்திருக்கு" என்பேன். அது பொய்யில்லை.

அதை உண்மையிலேயே விரும்பிச் சாப்பிட்ட ஒரே ஆள் அவளுடைய தம்பி, என் மச்சான். அந்த மஞ்சள் தண்ணீரைத் தட்டோடு சாய்த்து உறிஞ்சுவார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

மனைவி போய் நான்கு ஆண்டுகள் ஆகின்றன. சென்ற மாதம் கடலூரிலிருந்து மச்சானின் மகள் போன் செய்தாள். "மாமா, ஆஸ்பத்திரியிலேருந்து வந்தப்புறம் அப்பா ஒண்ணுமே சாப்பிட மாட்டேங்கறாரு. ரெண்டு வாய் கஞ்சி, அவ்ளோதான். இப்புடியே போனா ஒடம்பு தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அத்தை செய்வாங்களே அந்த கஸ்டர்ட், அது வேணுங்கறாரு."

சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் வழி முழுக்க அச்சை மடியில் வைத்துக்கொண்டே போனேன். மச்சான் மகள் காடாம்புலியூர்ப் பலாப்பழத்தில் பாதி வாங்கி வைத்திருந்தாள். செல்போனில் பார்த்து, முட்டையை வடிகட்டி, சிறு தீயில் பொறுமையாகச் செய்தாள். தட்டில் கவிழ்த்தால் பட்டுப் போல நின்றது. நான் கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு துளைகூட இல்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அந்தப் பண்டம் எனக்கு ருசித்தது.

மச்சான் ஒரு வாய் வைத்தார். "நல்லாருக்கும்மா. கடையில வாங்கினியா?" என்றார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சமையலறையில் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எல்லாம் சரியாத்தானே மாமா செஞ்சேன்?"

"அதாம்மா சங்கடம். தீய ஏத்து."

"கெட்டுப் போயிடும் மாமா."

"கெடட்டும்."

மீதிச் சுளைகளைப் போட்டு இரண்டாவது தடவை நானே வைத்தேன். பானை மூடி தடதடவென்று ஆடியது. நின்று பார்த்தால் கை தானாக அடுப்பை அணைத்துவிடும் என்று மாடிக்குப் போனேன். எடுக்கத் துணி எதுவும் இல்லை. வெறும் கொடியைப் பார்த்தபடி நின்றிருந்தேன், வாடை படியேறி மாடிக்கு வரும் வரைக்கும்.

இறங்கி வந்தபோது அவள் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு சன்னலைத் திறந்துகொண்டிருந்தாள். "அய்ய, என்னா மாமா இந்த நாத்தம்!"

உள்ளறையிலிருந்து குரல் வந்தது: "அக்கா கஸ்டர்ட்டா?"

மச்சான் ஏழு கரண்டி சாப்பிட்டார். "ஜாதிக்காய் ஜாஸ்தி" என்று குறையும் சொன்னார். கடைசியில் தட்டைச் சாய்த்து அந்தத் தண்ணீரை உறிஞ்சினார். மகள் அழுகையும் சிரிப்புமாக வாசலில் நின்றாள்.

"மாமா, ஒங்க பங்கு எங்க? அக்கா இருந்தா வுடுவாளா?" என்றார் மச்சான்.

சாப்பிட்டேன். கரண்டியில் பதினொரு துளைகள். ஆள் போன பிறகு அவர்கள் சமையல் இனிக்கும் என்கிறார்கள். இது இனிக்கவில்லை. கொஞ்சமும் மாறாமல், அப்படியே குமட்டியது.

வீட்டுக்கு வந்து அச்சை மூன்று முறை கழுவினேன். சாம்பல், எலுமிச்சை, சோப்பு. பன்னிரண்டு மடிப்பிலும் விரல் விட்டுத் தேய்த்தேன். நசுங்கிய மடிப்பில் மட்டும் வாடை போகவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமையும் நான்தான் வந்து செய்ய வேண்டுமாம், மச்சான் சொல்லிவிட்டார். முட்டை நான்கு வாங்கி வைத்திருக்கிறேன்.