கெல்ட் என்றொரு சொல்

முட்டையிட்டு ஓய்ந்த மீனைப் பிடிப்பதே குற்றம் என்று சட்டம் எழுதியவர்கள், பிள்ளை பெற்று ஓய்ந்த பெண்ணுக்கு என்ன எழுதினார்கள், தெரியுமா உங்களுக்கு?

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஸ்காட்லாந்தில், ட்வீட் ஆற்றங்கரைப் பண்ணையில் ஏர் ஓட்டியவன் ஆடம். ஏர்க்காரன் வயல்வேலைக்கு ஒரு பெண்ணாளையும் அனுப்ப வேண்டும். அனுப்பினால்தான் குடியிருக்க வீடு. அவன் மனைவி கிரிசல் பனியில் கிழங்கு பிடுங்கினாள், எரு அள்ளினாள். ஒரு பிப்ரவரியில் பிள்ளை பெற்றவளால் எழுந்து நிற்கக்கூட முடியவில்லை. வீடு போய்விடுமோ என்ற பயம் இருவருக்கும்.

ஒரு மாலை ஆடம் ஈரச் சாக்கில் ஒரு சால்மன் மீனைக் கொண்டுவந்தான். வெள்ளியாய் மின்னியது.

"கடல்லேர்ந்து புதுசா ஏறுனது, புள்ள. இதத் தின்னா எந்திரிச்சிருவ."

மீனவன் மகளான கிரிசல் செவுளைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளே வெள்ளைப் புழுக்கள்; மீன் ஆற்றில் வெகுநாள் கிடந்ததற்கு அடையாளம்.

"இது கெல்ட்டுய்யா. முட்டை போட்டு ஓய்ஞ்சது. உடம்பு தேறி வர்றப்ப இப்படித்தான் மினுங்கும், ஏமாந்துட்ட. உசுரு இருக்கு, ஆத்துல விட்டுரு."

"எனக்கு வாய்ச்சது ரெண்டுமே கெல்ட்டு."

"நீ மட்டும் என்னவாம்? கிப்பரு."

ஓய்ந்த ஆண் மீனுக்கு அந்தப் பெயர்; கீழ்த்தாடை கொக்கியாய் வளைந்திருக்கும். ஆடம் தன் தாடையைத் தடவிக்கொண்டான்.

வெளியே நாய் குரைத்து, சட்டென்று அடங்கியது. வாசலில் பண்ணைக் காரியக்காரர் நிக்சன் நின்றார்.

"என்னம்மா, நாளைக்கு வயலுக்கு வர்றியா?"

"இன்னும் கொஞ்ச நாள் பொறுங்க, ஐயா."

அவர் உள்ளே வந்தார். சாக்கைப் பார்த்தார். மீனை எடுத்துப்போய், முழங்கால் நனைய ஆற்றில் இறங்கி, நீரோட்டத்தை எதிர்த்து அதன் தலையைப் பிடித்துக்கொண்டார். வால் அசையும்வரை பொறுமையாக நின்றார். பிறகு கையைத் துடைத்தபடி திரும்பி வந்தார்.

"அது கடலுக்குப் போய்த் தேறி, மறுபடி வரும். நீ தேற மாட்டம்மா. வேற ஆளு பாத்தாச்சு. மே மாசம் வீட்டக் காலி பண்ணிருங்க. ஆடமு, ஆத்துக்காவலர்ட்ட நான் சொல்லித்தான் ஆகணும்."

மே மாதம் கிரிசல் கைக்குழந்தையோடு வண்டி ஏறினாள். கெல்ட்டைப் பிடித்த குற்றத்துக்காக ஆடம் அப்போது சிறையில் இருந்தான்.

கெல்ட் என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று அகராதிக்காரர்களுக்கே உறுதியாகத் தெரியாது. அது கிடக்கட்டும். பிள்ளை பெற்றவளை வேலையிலிருந்து நிறுத்துகிற முதலாளி உங்கள் ஊரிலும் இருப்பார். அவர் வாசலில் போய் நின்று கேளுங்கள்: மீனுக்குக் காட்டிய பொறுமை இவளுக்கு ஏன் இல்லை?