ஏழாம் நம்பர் பை

கடையில் அவருக்குப் பேர் பத்தாம் நம்பர். அது அவர் காலின் அளவு. செருப்புக்கடையில் இருபத்தொரு வருஷமாகக் குந்தி எழுந்தவருக்கு ஊரே நம்பராகத்தான் தெரியும். எதிர்ப்பக்க மருந்துக்கடைக்காரர் எட்டு, பாதம் அகலம். மேனேஜர் ஆறு, ஆனால் ஏழு வாங்கி நுனியில் பஞ்சு திணித்துக்கொண்டு நடப்பார், யாருக்கும் தெரியாது என்ற நினைப்பில். மனைவி ஐந்து. செத்துப்போன தம்பி ஏழு.

காலளவில் பொய் சொல்கிறவர்களை அவர் வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவார். "எனக்கு ஆறுதாங்க. இந்தக் கம்பெனிக்காரன்தான் வர வர சின்னதா பண்றான்" என்று ஒரு அம்மா உள்ளே விரலை மடக்கி வைத்துக்கொண்டு சாதிப்பார். பத்தாம் நம்பர் எதிர்த்துப் பேச மாட்டார். முட்டி போட்டு உட்கார்ந்து வாரைப் பூட்டுவார். "கொஞ்சம் நடந்து பாருங்கம்மா. நடந்தாத்தான் தெரியும்." மூன்றாவது அடியில் அந்த அம்மாவின் முகம் கோணும். ஏழு கொண்டுவரச் சொல்வார்.

இந்த ஒரு வாக்கியத்தை வைத்துத் தம்பி அவரை ஆயுசுக்கும் ஓட்டினான். வீட்டில் சட்டை வாங்கினாலும் சரி, நாற்காலி வாங்கினாலும் சரி, தலையைச் சாய்த்து, குரலில் நாலு கரண்டி வெல்லம் போட்டு, "கொஞ்சம் நடந்ந்ந்து பாருங்கம்மா" என்பான். அண்ணி சிரித்துச் சிரித்துப் புரையேறுவார். பத்தாம் நம்பர், "டேய், அடங்குடா" என்பார். அவன் அடங்கியதில்லை.

தம்பிக்கு டைல்ஸ் ஒட்டும் வேலை. நாள் முழுக்க அடுத்தவர் வீட்டுத் தரையில் முட்டி தேயத் தவழ்கிறவன், ஞாயிற்றுக்கிழமை ஆனால் விமானத்தில் ஏறிக் குதித்துவிடுவான். "வாரம் பூரா தரையையே பாக்குறேண்ணா. ஒரு நாளாவது மேலேருந்து பாக்கணும்ல?" அதற்காகவே சேர்த்து வைத்து ஒரு கன்டெய்னர் செய்யக் கொடுத்தான். அந்த வார்த்தையை முதலில் கேட்டபோது, "கப்பல்ல ஏத்துவாங்களே, அதையா முதுகுல கட்டிக்கிட்டு குதிப்பே?" என்று கேட்டார் அண்ணி. அவ்வளவு பெரிய சங்கதி இல்லை. குதிக்கிறவர்கள் முதுகில் மாட்டும் பை அது. உள்ளே இரண்டு பாராசூட். ஒன்று விரிப்பதற்கு, இன்னொன்று அந்த ஒன்று காலை வாரினால். பையோடு சேர்த்தே தோளுக்கும் மார்புக்கும் தொடைக்கும் பட்டைகள் தைத்திருக்கும். ஆள் தொங்குவது அந்தப் பட்டைகளில்தான் என்பதால் பையை அவரவர் உடம்புக்கு அளவெடுத்துச் செய்வார்கள்.

அளவெடுத்தவர் பத்தாம் நம்பர்தான். ஒரு ஞாயிறு காலை, கூடத்தில் தம்பியைக் கையை விரித்து நிற்க வைத்து, கடை டேப்பால் பதினேழு இடத்தில் அளந்து, படிவத்தில் தன் கையெழுத்திலேயே நிரப்பினார். "கூசுதுண்ணா, சீக்கிரம் முடி" என்று அவன் நெளிந்தான். "ஆடாம நில்லுடா. ஒரு விரல் தப்பினா நீதான் தொங்குவே." கரும்பச்சை நிறத்தில், வெள்ளைத் தையலோடு பை வந்தது. முதல் வாரமே வேலை முடிந்த கையோடு எடுத்து, மார்புப் பட்டையில் டைல்ஸுக்கு ஒட்டும் வெள்ளை சிமென்டை அப்பிவிட்டான். அது அங்கேயே காய்ந்து ஒரு பொட்டாக நின்றுவிட்டது.

"ஒரு தடவ வந்து பாருண்ணா. குதிக்க வேண்டாம். கீழ நின்னு அண்ணாந்து பாரு, போதும்."

"வர்றேன்டா. ஸ்கூல் திறக்குற சீசன் முடியட்டும்."

ஏழு வருஷம் ஸ்கூல் திறந்தது. ஏழு வருஷமும் ஷூ விற்றார். ஒரு தடவைகூடப் போகவில்லை. எட்டாவது வருஷம் தம்பியின் ரத்தத்தில் ஏதோ கெட்டுப்போய், ஏழே வாரத்தில் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலும் அவன் சும்மா இருக்கவில்லை. பெரிய டாக்டர் மூக்கால் பேசுவதையும், சின்ன டாக்டர் பெரிய டாக்டரைப் போல மூக்கால் பேசப் பழகுவதையும் பேசிக் காட்டினான். கடைசி வாரம் குரல் போய்விட்டது. காற்று மட்டும்தான் வந்தது. அந்தக் காற்றில் அவன் சொன்னது ஒன்றுதான்.

"பை சும்மா தொங்கக்கூடாதுண்ணா."

நாற்பத்துமூன்று வயதில் பத்தாம் நம்பர் பாராசூட் வகுப்பில் போய் நின்றார். கடையில் ஒருத்தரும் நம்பவில்லை. "ஸ்டூல் மேல ஏறி மேல் தட்டு டப்பாவை எடுக்கவே மூச்சு வாங்குவீங்களேய்யா!" என்றார் மேனேஜர். முதல் குதியில் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாவதில் திறந்தார். வகுப்பில் வாடகைக்குக் கொடுத்த பையில் முப்பது தடவை குதித்தாகிவிட்டது. இனி சொந்தப் பை வாங்கிக்கொள்ளுங்கள், வாடகை கட்டி மாளாது என்று சொல்லிவிட்டார்கள்.

எதற்கு வாங்க வேண்டும்? வீட்டில் பீரோ பக்கத்து ஆணியில் தம்பியின் பை தொங்குகிறதே. கொஞ்சம் பிடிக்கும், அவ்வளவுதான். அதற்காகவே நாலு மாதமாக ராத்திரிச் சாப்பாட்டை விட்டிருந்தார்.

"என்னங்க, கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சு. கண்ணாடி பாத்தீங்களா?" என்றார் மனைவி.

"பை ஏறணும்ல."

அது ஏறாது என்று மனைவிக்குத் தெரியும். அந்தப் பதினேழு அளவையும் புருஷன் டேப்பைப் படிக்கப் படிக்கப் பக்கத்தில் நின்று திருப்பிச் சொன்னவர் அவர்தான்.

பையைப் பார்த்துச் சரி சொல்ல வேண்டியவர் பாராசூட் தையல்காரம்மா. பாராசூட்டைப் பிரித்துச் சோதிப்பதும் மடிப்பதும் தைப்பதும் அவர் தொழில். மைதானத்து ஓரம் தகர ஷெட்டில் பட்டறை. ஆள் படுத்து உருளலாம் போல நீள மேஜை, மூன்று தையல் மெஷின், மெழுகு நூல் வாசம். அவர் பேச்சும் நூலைப் பல்லால் கடித்துத் துப்புகிற மாதிரி இருக்கும்.

"மாட்டுங்க."

மாட்டினார்.

"நிமிருங்க."

"நிமிந்துதான் நிக்கிறேன்."

"இல்ல. நிமிருங்க."

நிமிர்ந்தார். தோள் பட்டை கீழே இழுத்தது, தொடைப் பட்டை மேலே இழுத்தது. மார்புப் பட்டை ஏறக்குறையத் தொண்டைக்கு வந்துவிட்டது. இடுப்பு வரை வர வேண்டிய பை முதுகு நடுவில் குழந்தை மாதிரி உட்கார்ந்திருந்தது. மறுபடி லேசாகக் கூனிக்கொண்டார். ஷூவுக்குள் விரலை மடக்கும் அம்மாக்கள் இப்படித்தான் நிற்பார்கள் என்று அவருக்குத் தெரியாதா?

"எத்தன கிலோ கொறச்சீங்க?"

"பதிமூணு."

"சதையக் கரைக்கலாம் சார். எலும்ப என்ன பண்ணப்போறீங்க?"

"போடப் போடக் கொஞ்சம் விட்டுக்கொடுக்காதா?"

"இது என்ன, செருப்பா?" என்றார் தையல்காரம்மா. அவருக்குப் பத்தாம் நம்பர் என்ன வேலை செய்கிறார் என்று தெரியாது. "பட்டைய விடுங்க. கம்பெனிக்கு அனுப்பினா நீட்டித் தச்சுத் தருவான். பை பெருசாகாதே? உங்க கனத்துக்கு, நீங்க குதிச்ச முப்பது குதிக்கு, எரநூத்திப் பத்து சதுர அடி பாராசூட் வேணும். இதுக்குள்ள போறது நூத்தி முப்பத்தஞ்சு. அமுக்கித் திணிச்சா நூத்தம்பது. உள்ள இருக்குற ரெண்டாவது பாராசூட்டும் உங்களுக்குச் சின்னது."

"அப்போ நூத்தம்பதே வச்சுக்கிட்டு…"

"எறங்க மாட்டீங்க. விழுவீங்க."

பத்தாம் நம்பர் பட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். தையல்காரம்மா பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதல் தடவையாக அவர் குரல் கொஞ்சம் இளகியது.

"ஆனா ஒண்ணு சொல்லணும். அளவு எடுத்தவன் கை ராசியான கை. இந்தப் பை போட்ட பையன நான் பாத்திருக்கேன். ஒரு சுருக்கம் விழாது, ஒரு எடம் தூக்காது. யாரு எடுத்தது?"

"நான்தாங்க."

தையல்காரம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். தண்ணீர் பாட்டிலை மேஜையில் அவர் பக்கம் தள்ளிவிட்டு, நூல் கோக்க ஆரம்பித்தார். ஊசியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"புதுசு உங்களுக்குக் கட்டாது. பழசு வாங்குங்க, தப்பில்ல. ஆனா எல்லாரும் முதல்ல பையோட கலரப் பாத்து மயங்கிடறாங்க. அது தப்பு. முதல்ல எந்த பாராசூட்னு முடிவு பண்ணணும், அது போற பையத் தேடணும், அந்தப் பை உடம்புக்கு உக்காருதான்னு பாக்கணும், கடைசியா விலை. அதோ, அந்த ஆரஞ்சு. வெளுத்துப்போச்சு, பாக்க சகிக்காது. ஆனா தையல் நல்லா இருக்கு, உங்க பாராசூட் போகும், ஒசரமான ஆளு போட்டது. இந்தப் பச்சைய வித்தா அது வரும்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். "அந்த ஆரஞ்சு மெதுவா வரட்டும். இத யாரு கேக்கப்போறா? ஆணியிலயே இருந்துட்டுப் போகட்டும்ங்க" என்றார் மனைவி. பத்தாம் நம்பர் ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பை சும்மாதான் தொங்கியது. இரண்டு வருஷமாக.

அடுத்த சனிக்கிழமை தையல்காரம்மா பட்டறைக்கு ஒரு டீச்சரை வரச் சொல்லியிருந்தார். மழலையர் பள்ளி டீச்சர். ஐந்தடி நாலங்குலம் இருப்பார், கால் நம்பர் ஏழு. நூறு தடவை குதித்தவர், எல்லாம் வாடகைப் பையில். பெரியவர்களிடமும் குழந்தைகளிடம் பேசுகிற மாதிரியே பேசினார். "அண்ணா, நான் ஒண்ணு கேப்பேன், நீங்க பொய்யே சொல்லக்கூடாது, சரியா? இது விழுந்த பையா?"

அண்ணா. அந்த வார்த்தையைக் கேட்டு இரண்டு வருஷம் ஆகிறது.

"விழாத பைம்மா."

டீச்சர் மாட்டிக்கொண்டார். பத்தாம் நம்பரின் கால்கள் தாமாகவே மடிந்தன. இருபத்தொரு வருஷப் பழக்கம். முட்டி போட்டுத் தொடைப் பட்டையை இழுத்து, இரண்டு விரலை உள்ளே விட்டுப் பார்த்தார். சரியாக இரண்டு விரல் போனது; அதுதான் கணக்கு. எழுந்து தோளைப் பார்த்தார். சுருக்கம் இல்லை.

"இது என்ன, சாக்பீஸா?" டீச்சர் மார்புப் பட்டையில் இருந்த வெள்ளைப் பொட்டை நகத்தால் சுரண்டினார்.

"டைல்ஸ் ஒட்டுற சிமென்ட்டும்மா."

"போயிடுமா?"

"போகாது."

டீச்சர் சுரண்டுவதை நிறுத்தினார். பத்தாம் நம்பரின் முகத்தில் எதையோ பார்த்திருக்க வேண்டும். குழந்தைக் குரல் போய்ச் சாதாரணக் குரல் வந்தது. "எனக்கு இதுதான் முதல் பைண்ணா. சரியா இருக்கா இல்லயான்னு எனக்கே தெரியல. நீங்க சொல்லுங்க."

தையல்காரம்மா மெஷினை நிறுத்தினார். அவர் கண்ணும் அளந்திருக்கும். ஆனால் பை அவருடையது இல்லை. கொஞ்சம் பிடிக்குதும்மா என்று பத்தாம் நம்பர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். டீச்சர் கழற்றி வைத்துவிடுவார். பை ஆணிக்குப் போய்விடும். சிமென்ட் பொட்டு அங்கேயே இருக்கும்.

"கொஞ்சம் நடந்து பாருங்கம்மா," என்றார். "நடந்தாத்தான் தெரியும்."

சொல்லி முடிக்கும் முன்பே காதில் கேட்டது, தலையைச் சாய்த்து, நாலு கரண்டி வெல்லத்தோடு. டீச்சர் முதுகைக் காட்டிக்கொண்டு ஆறு அடி நடந்தார். மூன்றாவது அடியில் பத்தாம் நம்பர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சொல்லுங்கண்ணா."

"சரியா இருக்கும்மா. உங்களுக்கே அளவெடுத்த மாதிரி இருக்கு."

அதற்கு அடுத்த ஞாயிறு டீச்சர் அந்தப் பையில் முதல் தடவை குதித்தார். பத்தாம் நம்பர் மனைவியைக் கூட்டிக்கொண்டு மைதானத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார். ஏழு வருஷம் தம்பி கேட்டது அதைத்தான். மேலே எட்டுப் புள்ளிகள் விழுந்தன.

"எதுங்க நம்மது?" என்றார் மனைவி.

"தெரியலயேம்மா."

வந்தால் அடையாளம் தெரியும் என்று நினைத்திருந்தார். அங்கிருந்து பார்த்தால் எல்லாரும் ஒரே மாதிரிதான். பாராசூட்டுகள் விரிந்து, சுற்றி, ஒவ்வொன்றாக இறங்கின. கடைசியாக இறங்கிய ஒன்று நாலு அடி ஓடி நின்றது. முதுகில் கரும்பச்சை. பத்தாம் நம்பரின் கை தானாக மேலே போனது. வாய் "டேய்" என்றது. டீச்சர் திரும்பி, தனக்குத்தான் கையசைக்கிறார் என்று நினைத்து, இரண்டு கையையும் ஆட்டினார். பத்தாம் நம்பர் கையை இறக்கவில்லை. அப்படியே ஆட்டினார்.

அடுத்த விமானம் அவருடையது. ஆரஞ்சுப் பையை மனைவி தூக்கிக் கொடுத்தார். பழைய சொந்தக்காரரின் பேரைப் பிரித்தெடுத்த நூல் தடம் அதன் ஓரத்தில் இருந்தது. தோளில் போட்டார், தொடையில் பூட்டினார், மார்பில் பூட்டினார். நேராக நிமிர்ந்து நின்றார். மனைவி குனிந்து, புருஷனிடம் கற்றபடி, பட்டைக்குள் இரண்டு விரலை விட்டுப் பார்த்தார். எழுந்தவர் புருஷனின் முகத்தைப் பார்த்துப் பதறினார்.

"என்னங்க, எங்க உறுத்துது?"

பத்தாம் நம்பர் கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினார். பை அசையவே இல்லை.

"எங்கயும் உறுத்தலம்மா" என்றார். "எங்கயுமே உறுத்தல."