நாலு விரலுக்கு ஒரு கிளிப்பு

வார்னிஷ் காயாத தேக்குச் சட்டத்தின் வாசமும், அதில் தகரக் கிளிப்புகளைச் சின்னச் சுத்தியலால் தட்டும் "டிக் டிக்" சத்தமுமாகத்தான் எங்கள் திண்டுக்கல் வீட்டுக்குள் கரண்டு வந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. சுவரில் சட்டத்தை அறைந்து, அதன்மேல் ஒயரைப் படுக்கவைத்து, "நாலு விரலுக்கு ஒரு கிளிப்பு" என்று கையை வைத்து அளந்து அளந்து ஒயர்மேன் மடக்கிக்கொண்டு போன நேர்த்தியையும், சுவரைத் தாண்டும் இடத்தில் பீங்கான் குழாய் செருகி அதற்குள் ஒயரை விட்ட பதவிசையும் பார்க்க எங்கள் தெருவே வந்து நின்றது.

அதெல்லாம் முன்கட்டோடு சரி. கொல்லையில் தகரம் வேய்ந்த அறையில் என் அத்தை செல்லம்மா இருந்தாள். புருஷன் செத்து, பிள்ளையும் இல்லாமல், அண்ணனான என் பெரியப்பாவை அண்டி வந்தவள். "அங்கிட்டும் சட்டம் அடிச்சிரவாண்ணே?" என்று ஒயர்மேன் கேட்டதற்குப் பெரியப்பா சிரித்தார்.

"அவ ரூமை எந்தக் கலெக்டரு வந்து பாக்கப்போறாரு? ரெண்டு ஆணியில தொங்க விட்டுட்டுப் போப்பா."

அப்படியே தொங்கிய ஒயர், குழாயும் இல்லாமல், தகர விளிம்பில் உரசிக்கொண்டு உள்ளே போனது.

ஐப்பசி மழையில் ஒரு காலை அத்தை வந்து, "அண்ணே, துணி போடுற கம்பியத் தொட்டா சுர்ருங்குது" என்றாள். அந்தக் கம்பியின் ஒரு முனை தகரத்தில்தான் கட்டியிருந்தது. பெரியப்பா டயர் செருப்போடு போய்ப் பிடித்துப் பார்த்து, "எனக்கு ஒண்ணும் பண்ணலையே!" என்றார். நானும் என் டயர் செருப்போடு ஓடிப்போய், எம்பிப் பிடித்து, காலை ஆட்டி ஊஞ்சலாடிக் காட்டினேன். வீடே சிரித்தது. "பச்சப்புள்ளைக்கு அடிக்காதது ஒனக்கு மட்டும் அடிக்குதாக்கும்?" என்றாள் அம்மா. அன்றைக்கே அத்தைக்குச் "சுர்ரு அத்தை" என்று பேர் வைத்தேன். இன்னும் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள். அப்புறம் சொல்வதை விட்டுவிட்டாள்.

அண்ணன் எதிரில் தங்கச்சி செருப்புப் போடுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. அத்தையிடம் செருப்பே கிடையாது.

நாலாம் நாள், ஈரச் சேலையைப் போட்ட கை கம்பியை விட்டு வரவில்லை. யாரோ ஓடி மெயினை அணைத்த பிறகுதான் விழுந்தாள். ஒயர்மேன் வந்து, தகரம் அறுத்திருந்த ஒயர் ரப்பரைத் தடவினார். சேற்றில் பதிந்திருந்த அத்தையின் வெறுங்கால் தடத்தையும், பிறகு எங்கள் கால்களையும் பார்த்தார்.

"செருப்போடயா தொட்டுப் பாத்தீக?"



பதினாறாம் நாள் காரியம் கழிந்ததும் அந்த அறையில் சினைமாட்டைக் கட்டுவதென்று முடிவாயிற்று. அதற்கு முன்பே பெரியப்பா அதே ஒயர்மேனைக் கூப்பிட்டு, தேக்குச் சட்டத்தை எடுத்துக் கொடுத்துச் சொன்னார்: "நெருக்கமா அடிப்பா. மாடு வாயில்லாச் சீவன், சுர்ருன்னா வந்து சொல்லத் தெரியாது."

இப்போதெல்லாம் ஒயர் சுவருக்குள், பிளாஸ்டிக் குழாய்க்குள் ஓடுகிறது. சட்டமும் இல்லை, கிளிப்பும் இல்லை. போன வருஷம் அந்த வீட்டை இடித்தபோது, கழற்றிப் போட்டிருந்த சட்டங்களில் கையை வைத்துப் பார்த்தேன். முன்கட்டுச் சட்டத்தில் கிளிப்புக்குக் கிளிப்பு நாலு விரல் இடைவெளி இருந்தது. மாட்டு அறைச் சட்டத்தில் இரண்டு விரல்தான் நுழைந்தது.